இரண்டு ஷேடு கம்மி

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் பிணங்கள் எழுந்து நடக்க ஆரம்பிக்கும். மூன்றேகாலுக்கு முதல் அலறல் கேட்கும். ஐந்தரைக்குள் ஊரே செத்திருக்கும். பிறகு மாடிவீட்டுப் பெண்மணி இறங்கி வந்து, "சார், மோட்டார் போட்டுக்கட்டுங்களா? தண்ணி கம்மியா வருது" என்று கேட்பார். நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தையின் முகம் போல அவர் முகம் தெளிந்திருக்கும்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் மாடியில் அவர் நாற்பத்தாறு மாதம் குடியிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கேட்காமல் எழுதக் கூடாது. கேட்கலாம் என்றால் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

குடிவந்தபோது நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் கரும்பு போடுகிறார். இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வதுதான் தொழில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்தார். பார்லருக்குச் செவ்வாய் விடுமுறை. அந்த விடுமுறையைத்தான் பிணங்களுக்குக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். அன்றைக்கு டி.வி.யைத் தொடவே மாட்டார். "அது வேற நாளு சார்" என்பார்.

அந்தப் பிணங்களுக்கு ஜோம்பி என்று பெயர் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். பேய் வேறு, ஜோம்பி வேறு. பேய்க்குக் கோபம் உண்டு, பழைய பகை உண்டு, யாரைப் பிடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஜோம்பி என்பது செத்து எழுந்த வெறும் உடம்பு. பெற்ற தாய் எதிரில் வந்து நின்றாலும் அதற்கு ஆள் தெரியாது.

"அப்புறம் அதுல பார்க்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆள் தெரியாது சார். ஆனா கிட்ட வரும் பாருங்க. தெரியாமயே கிட்ட வரும். அது எனக்குப் புடிக்கும்."

அதிலும் அவருக்கு ருசிபேதம் உண்டு. ஓடுகிற ஜோம்பிகள் வரும் படத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார். "இன்னா சார் இது, பஸ்ஸ வுட்டுட்ட மாதிரி ஓடுது! ஓடணும்னா மனசுல ஒரு அவசரம் இருக்கணும். செத்தவனுக்கு இன்னா அவசரம்?" என்று என்னிடமே நியாயம் கேட்பார். இப்படிப்பட்டவர் என்று தெரிந்திருந்தால் மாடியை விட்டிருக்கவே மாட்டேன் என்று முதல் மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் மருந்தாளுநராக இருந்தவன். மாத்திரை எண்ணிப் பழகிய கை. ஓய்வுபெற்ற பிறகு எண்ணுவதற்கு மாத்திரை இல்லாததால் மற்றதையெல்லாம் எண்ணினேன். மாடிப்படி பதினேழு. அவர் ஒரு நாளைக்கு ஏறி இறங்குவது ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒன்பதாவது படியில் செருப்பைத் தேய்ப்பார். அதைப் பற்றி அவரிடம் மூன்று முறை புகார் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி சரோஜாவுக்கு மறதி நோய். மாடிவீட்டுப் பெண்மணி குடிவருவதற்கு முந்தின வருடம் ஆரம்பித்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு சமையல், கடைசியாக நான். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன், அம்மாவை அங்கே ஒரு முதியோர் காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்று வாரம் ஒரு முறை போனில் சொல்லுவான். முடியாது என்று வாரம் ஒரு முறை நான் சொல்லுவேன். சரோஜாவை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது. ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய வேலை அது ஒன்றுதான்.

ஒரு நாள் மாடித் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுப்பில் ஜவ்வரிசி சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"பாயசமா?" என்றேன்.

"கன்னம் சார்."

விளக்கமும் சொன்னார். ஜவ்வரிசியை முக்கால் வேக்காட்டில் இறக்கி, சிவப்புக் கலரும் கொஞ்சம் டீ டிகாஷனும் கலந்து, பசை வைத்து ஒட்டினால் பிய்ந்த சதை. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒட்டினால் உரிந்த தோல். காய்ந்த ரத்தத்துக்குப் பீட்ரூட்டும் கருப்பட்டியும். பீட்ரூட் மட்டும் போட்டால் ஈ வராது, கருப்பட்டி சேர்த்தால் ஈ வந்து உட்காரும், நிஜம் மாதிரி இருக்கும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். வாசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"

"கல்யாணப் பொண்ணுகிட்டதான் சார். அதே பவுண்டேஷன்தான். அவங்க நெறத்துக்கு ரெண்டு ஷேடு ஜாஸ்தி வெள்ளையா போட்டா பொண்ணு. ரெண்டு ஷேடு கம்மியா சாம்பலா போட்டா பொணம். நடுவுல இருக்கறது நம்ம மூஞ்சி. அத யாரும் கேக்கறதில்ல."

கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பாய் ஒரு முறை என்னை நிறுத்திச் சொன்னார்: "உங்க மாடிவூட்டம்மா மாதிரி ஒரு கஸ்டமரு கெடையாது சார். எல்லாரும் வெள்ளையா குடு வெள்ளையா குடுன்னு உசிர வாங்குவாங்க. இவங்க ஒருத்தர்தான் வந்து, மூஞ்சி செத்தாப்புல இருக்கற கலரு ஒண்ணு குடு பாய்ன்னு கேக்கறாங்க. வருசக்கணக்கா பொட்டியிலயே கெடந்த சரக்கெல்லாம் காலி."

தொழிலையும் ஆசையையும் ஒரே கையில் வைத்துக்கொண்டிருந்ததால் சில சங்கடங்கள் வந்தன. தியாகதுருகத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பெண்ணுக்குப் பாதி முகம் முடித்திருக்கிறார். பெண்ணின் அம்மா இவர் நகக்கண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ரத்தம்?" என்று கேட்டிருக்கிறார். மருதாணி என்று சொல்லியிருந்தால் போயிருக்கும். இவருக்குப் பொய் வராது.

"ரத்தம் இல்லீங்க, பீட்ரூட்டு. நேத்து சாயந்தரம் ஒரு கழுத்து அறுத்தேன்."

அந்த நிமிடமே வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்று மதியம் வந்து இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அந்தப் பொண்ணு பாவம் சார். ஒரு பக்கம் மணப்பொண்ணு, ஒரு பக்கம் சொந்த மூஞ்சி. எந்தப் பக்கத்த மாப்ளைக்குக் காட்டுச்சோ!"

சரோஜாவும் சிரித்தாள். கதை புரிந்து சிரித்தாளா, அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாளா என்று தெரியவில்லை. அவள் சிரித்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தில் நான் சரோஜாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்பேன். "நான் யார் தெரியுதா?" காலையில் காபியோடு கேட்பேன். குளிப்பாட்டும்போது கேட்பேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு தடவை. அவள் என் முகத்தைப் பார்ப்பாள், சுவரைப் பார்ப்பாள், அழுவாள். ஆனாலும் கேட்பேன். ஒரு தடவையாவது சொல்லிவிட மாட்டாளா என்றுதான்.

மாடிவீட்டுப் பெண்மணி இதைப் பல நாள் பார்த்திருக்கிறார். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. படத்துல இப்பிடிக் கேக்கறவன்தான் மொதல்ல போவான். எல்லாரும் ஓடுவாங்க, இவன் மட்டும் நின்னுக்கினு, டேய் நான்தான்டா உங்க அண்ணன், என்னத் தெரியலயான்னு கேப்பான். அதுகிட்ட போய் இன்னா சார் கேள்வி? பக்கத்துல நடங்க, போதும்."

"என் சம்சாரம் உனக்கு ஜோம்பியா?" என்று கத்திவிட்டேன்.

மூன்று நாள் நான் அவரிடம் பேசவில்லை. மூன்று நாளும் மோட்டார் போட மறந்ததுபோல இருந்துவிட்டேன். அவர் தெருக்குழாயில் பிடித்து, குடம் குடமாகப் பதினேழு படி ஏற்றினார்.

நான்காம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சரோஜா கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தால் அவளுக்கு அது வரும். "வூட்டுக்குப் போவணும், வூட்டுக்குப் போவணும்" என்பாள். இதுதான் வீடு, இதுதான் வீடு என்று நான் சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறும். தெருவில் நான்கு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அப்போது பார்லரிலிருந்து திரும்பி வந்தவர் மாடி ஏறவில்லை. கேட்டைத் திறந்து, "வாங்கம்மா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

தெருக்கோடிவரை போய்த் திரும்பினார்கள். மறுபடி போனார்கள். சரோஜா முன்னால், அவர் அரை அடி பின்னால். எங்கே போகிறோம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான்காவது சுற்றில் சரோஜா தானாக எங்கள் கேட்டுக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பாடா, வந்தாச்சு" என்றாள்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் இந்த நடை நடந்தது. நான் "தெரியுதா" என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். பதினான்கிலிருந்து மூன்று. அந்த மூன்றை விட முடியவில்லை.

அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்ததா என்றால், இல்லை. சரோஜாவோடு நடக்கும்போது அவர் அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டு வருவார். எதற்கு என்று புரியாமல் இருந்தது.

கல்வராயன் மலைக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும். சங்கராபுரம் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் சிலர் ஒரு ஜோம்பி குறும்படம் எடுத்தார்கள். மேக்கப் இவர். வேனில் போனால் சரோஜா அமைதியாக இருப்பாள் என்று எங்களையும் ஏற்றிக்கொண்டார். வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் வளைவுகளைப் பதினெட்டு வரை எண்ணினேன். பிறகு எனக்கு வாந்தி வந்துவிட்டது.

ஒரு வளைவில் வேனை நிறுத்தி, ஒன்பது பையன்களுக்கு மேக்கப் போட்டார். தாடை பிய்ந்தவன், கண் வெளியே தொங்கியவன், தோளில் எலும்பு தெரிந்தவன். கேமரா ஓடியது. ஒன்பது பேரும் கையை நீட்டிக்கொண்டு சாலையில் நடந்தார்கள். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து பஸ் இறங்கியது.

டிரைவர் பிரேக் போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே குதித்தார். "எந்த வண்டிப்பா? எங்க கவுந்துது? இன்னும் எத்தன பேரு கீழ கெடக்கறாங்க?" என்று பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். ஒருவர் தன் வேட்டி ஓரத்தைக் கிழித்தார். ஒரு பெண் கூஜாத் தண்ணீரைத் தாடை பிய்ந்தவன் தலையில் கொட்டினார். "நாங்க நடிக்கறோம்ணே" என்று அவன் சொன்னான். தாடையில் பசை இருந்ததால் அது "ஆங்க அடிக்கறோம்மே" என்று கேட்டது. "பாவம், பேச்சே கொழறுது, மண்டையில அடி" என்று அவனை அப்படியே தூக்கி பஸ்ஸில் கிடத்திவிட்டார்கள்.

மலை ஊர்க்காரக் கிழவி ஒருத்திதான் கண்டுபிடித்தாள். இன்னொருவன் தோளைத் துடைத்துவிடும்போது கையோடு வந்த சதையை உருட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, நாக்கில் வைத்தாள். "அடே, இது நம்ம குச்சிக்கெழங்கு ஜவ்வரிசிடா!" என்றாள். அந்த மலையில் மரவள்ளிக் கிழங்கு போடுகிறவர்களுக்கு அதன் ருசி தப்பாது.

கண்டக்டர் திட்டிய திட்டை எழுத முடியாது. அரைமணி நேரம் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டவர் மாடிவீட்டுப் பெண்மணிதான். வேட்டியைக் கிழித்தவரிடம் இரண்டு முறை கேட்டார். பஸ் போன பிறகு பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாத்தீங்களா சார்? அந்த மூஞ்சிங்களப் பாத்து ஒருத்தர்கூட ஓடல. எல்லாரும் எறங்கி கிட்ட வந்தாங்க" என்றார். கச்சிராயபாளையம் வரும்போது சரோஜா அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வருடா வருடம் கோடையில் எங்கள் ஊரில் பொருட்காட்சி போடுவார்கள். ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம், கடைசியில் பேய் வீடு. தகரமும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய இருட்டுச் சந்து அது. வாசலில் வாயைப் பிளந்த மண்டையோடு. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக உள்ளே விடுவார்கள். பார்லர் முடிந்ததும் அவர் அங்கே போய் மற்றவர்களுக்கு மேக்கப் போட்டுவிட்டு, தானும் ஒரு பிணமாக நிற்பார். அதற்காக அவர் வருடம் முழுக்கக் காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

நான்காவது கோடையில், "அம்மாவக் கூட்டிக்கினு வாங்க சார், வெளிச்சம் பாக்கட்டும், ராட்டினம் பாக்கட்டும்" என்றார். கூடவே, "பேய் வூட்டுப் பக்கம் மட்டும் வராதீங்க, சத்தம் ஜாஸ்தி" என்றும் சொன்னார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் வராதீங்க என்றுதான் சொன்னார்.

நான் போனேன். உள்ளே எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு பேய் வீட்டுக்கு எதிரிலேயே நின்றேன். மூன்று அணி சரியாக வந்தது. நடுவில் அப்பளம் வாங்கினேன். டெல்லி அப்பளம் முறம் அளவு இருக்கும், இரண்டு கையாலும் பிடித்தால்தான் உடையாமல் இருக்கும். இரண்டு கையாலும் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது சரோஜா இல்லை.

ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊதா நிறப் புடவை, அறுபத்தெட்டு வயது, பேர் கேட்டால் சொல்லத் தெரியாது. ராட்டினத்தின் அடியில் பார்த்தேன். கழிப்பறைப் பக்கம் பார்த்தேன். கூப்பிட்டால் திரும்புவாளா என்றும் தெரியவில்லை. அப்போது பேய் வீட்டிலிருந்து ஒரு அணி வெளியே வந்தது. பையன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்கள்.

"மச்சி, புதுசா ஒரு கெழவிப் பேய் வுட்டுருக்கான்டா. செம்ம!"

"மேக்கப்பே இல்லாத மாதிரி இருக்குடா. என் கையப் புடிச்சிக்கினு வூட்டுக்குப் போவணும்னு சொல்லுது. எனக்கு உசிரே போயிடுச்சி."

அப்பளம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பின்பக்கம் தார்ப்பாயில் ஒரு இடைவெளி இருந்தது. பிணங்கள் காற்று வாங்க வெளியே வரும் வழி. அவள் நுழைந்ததும் அந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். நானும் அதில் நுழைந்தேன்.

உள்ளே ஒரே ஒரு சிவப்பு பல்பு. அதற்குள் அடுத்த பன்னிரண்டு பேரை விட்டுவிட்டார்கள். அலறல் காதைக் கிழித்தது. சந்தின் நடுவில் இரண்டு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் வலது கால் கொஞ்சம் இழுத்தது. இரண்டு பேருக்கும் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் முன்னால் எதையோ தேடுவதுபோல விரல்களால் காற்றைத் தடவிக்கொண்டு வந்தார்கள். நாற்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவன் நான். அந்த வெளிச்சத்தில் இரண்டில் எது என் மனைவி என்று எனக்குத் தெரியவில்லை.

"சார்" என்றது ஒன்று, உதடு அசையாமல். "ஓடாதீங்க. ஓடுனா அம்மா பயந்துடுவாங்க. அந்தப் பக்கக் கையப் புடிச்சிக்கினு எங்கள மாதிரியே நடங்க."

நடந்தேன். காலை இழுத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, மூன்று பேராக. எதிரில் இருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். சரோஜா பயப்படவில்லை. அவள் கை என் கையில் சூடாக இருந்தது. முப்பத்தொன்பது அடி. வெளியே வந்ததும் அவள் முந்தானையால் மாடிவீட்டுப் பெண்மணியின் கன்னத்துச் சதையைத் துடைத்துவிட்டு, "பாத்துப் போவக் கூடாதா? அடி பட்டுடுச்சே" என்றாள்.

"அந்த நடை?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட கத்துக்கினதுதான் சார்" என்றார். மறைக்கவே இல்லை. "அத வுட நல்ல நடைய நான் எந்தப் படத்துலயும் பாக்கல."

எனக்கு அடிக்கக் கை எழுந்தது. அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் ஆட்டோ பிடித்தேன்.

செல்போனில் எடுத்த வீடியோ மூன்றாம் நாள் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மகன் நேரில் வந்தான். "அம்மாவ அந்தப் பொம்பள பேய் வீட்ல கொண்டுபோய் வித்தை காட்டியிருக்கா. நீங்களும் சேர்ந்து ஆடியிருக்கீங்க" என்றான். "ஒண்ணு அவங்க காலி பண்ணணும், இல்லன்னா அம்மாவ இன்னிக்கே என்கூட அனுப்புங்க."

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வாக்கியம். கையை விட்டது நான். அதைச் சொன்னால், "உங்களால பாத்துக்க முடியலன்னு நீங்களே சொல்றீங்களே" என்று சரோஜாவை அழைத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் சொல்லவில்லை. அவரே கூட்டிக்கொண்டு போனதாக அவன் நினைத்ததை நினைக்க விட்டுவிட்டேன்.

மாடிவீட்டுப் பெண்மணியிடம், பையன் ஊரோடு வரப்போகிறான், மாடி தேவைப்படுகிறது என்றேன். மகன் கத்தியது மாடிக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

"எத்தன நாளு சார்?"

"பத்து நாள்."

"சரிங்க சார்."

அவர் போன பிறகு சாயங்காலங்களை என்னால் சமாளிக்க முடியவில்லை. நானும் அவளைத் தெருக்கோடிவரை கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் சுற்றிலேயே, "மெதுவா நட, எத்தனை தடவை சொல்றது" என்று அதட்டிவிடுவேன். ஒரு முறை கேட் பூட்டைப் பிடித்து ஆட்டியதில் அவள் மணிக்கட்டு பிசகிவிட்டது. ஏழாவது மாதம் மகன் வந்து காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே பதிமூன்று மாதம் இருந்தாள். கடைசி நாளில் நான் பெங்களூர் போகும் பஸ்ஸில் இருந்தேன்.

மாடிவீட்டுப் பெண்மணியைப் பற்றிப் பார்லரில் விசாரித்தேன். புதுச்சேரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்த இரண்டு பொருட்காட்சியிலும் டிக்கெட் வாங்கிப் பேய் வீட்டுக்குள் போய், ஒவ்வொரு பிணத்தின் முகத்தையும் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தாத்தா, நீங்கதான் பயப்படணும். நீங்க இன்னா எங்கள பயமுறுத்தறீங்க?" என்றான்.

கொடுத்த பத்து நாளில் அவர் ஒன்பதாம் நாளே கிளம்பிவிட்டார். காலை பத்தரைக்கு டெம்போ வந்தது. ஒரு கட்டில், ஒரு டி.வி., மேக்கப் பெட்டிகள் ஆறு. சாமானெல்லாம் ஏற்றிய பிறகு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். குளித்துத் தலையை வாரியிருந்தார்; முகத்தில் எந்தப் பூச்சும் இல்லை.

"அம்மாவ ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன் சார்."

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றிருந்தேன். சரோஜா அவரைப் பார்த்தால் பின்னாலேயே போய் டெம்போவில் ஏறிவிடுவாள் என்று பயந்தேன். போகாதே என்று நான் கூப்பிட்டால் நிற்பாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

"தூங்கறா" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் கதவின் கைப்பிடி அசைந்தது. உள்ளே இருந்து இழுக்கிறாள். நான் பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி இழுத்தாள். மறுபடி. அவர் கதவைப் பார்த்தார். என் தோள் ஆடுவதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சரிங்க சார்" என்றார். "எழுப்பாதீங்க."

டெம்போ தெருவைவிட்டுத் திரும்பும்வரை கைப்பிடியை நான் விடவில்லை. பிறகு திறந்தேன். சரோஜா வெளியே போகிறவள் மாதிரி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தாள். பல மாதங்களாக என்னிடம் எதையுமே கேட்காதவள், என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"யாரு வந்தது?"

"யாருமில்ல" என்றேன்.